பள்ளி மைதானத்தில் களைக்கொல்லி: புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை மழை இரண்டு பெய்தால் போதும், ஏப்ரலில் மொட்டையாகக் கிடந்த பள்ளி மைதானம் மே கடைசியில் பார்த்தீனியமும் கோரையும் நெருஞ்சியுமாக எழுந்து நிற்கும். ஜூனில் பள்ளி திறந்தாக வேண்டும். ஆள் விட்டு வெட்டினால் இரண்டு நாள் கூலி. உரக்கடையில் ஒரு லிட்டர் களைக்கொல்லி வாங்கி, முதுகில் தெளிப்பான் மாட்டிய ஒருவரைக் கூப்பிட்டால் அரை நாளில் வேலை முடிந்தது. அடித்தவர் கிளம்பிப் போய்விடுவார்; நாலு நாள் கழித்து அதே மண்ணில் பிள்ளைகள் கபடி ஆடுவார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, அங்கன்வாடி, நகராட்சிப் பூங்கா என்ற வேறுபாடெல்லாம் இதில் கிடையாது. பயிர்ப் பாதுகாப்பிலும் வளாகப் பராமரிப்பிலும் வேலை பார்க்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகள் படிக்கிற, விளையாடுகிற இடத்தில் களைக்கொல்லி அடிப்பதை அறவே நிறுத்த வேண்டும்.

அடிக்கப்படுவது பெரும்பாலும் கிளைபோசேட் 41 சதவீதக் கரைசல். இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கும். களை பழுத்துக் காய 7 முதல் 14 நாள் பிடிக்கும். பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது அடித்தால், திறக்கிற அன்றைக்கும் களை பச்சையாகத்தான் நிற்கும். மருந்து கேட்கவில்லை என்று மறுபடி அடிப்பார்கள். இல்லையென்றால் டேங்க்குக்கு 100 மில்லி ஊற்ற வேண்டிய இடத்தில் 200 மில்லி ஊற்றி, கல்லுப்பும் யூரியாவும் போட்டு, 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியையும் சேர்த்துக் கலக்குவார்கள். அப்படி ஒரு கலவை எந்த லேபிளிலும் இல்லை. 2,4-டி மருந்தின் எஸ்டர் வகை நம் ஊர் வெயிலில் ஆவியாகி நகரக்கூடியது. பக்கத்துக் காட்டில் பருத்தியோ தக்காளியோ இருந்தால் கொழுந்து இலை குறுகிச் சுருண்டுவிடும்.

அவசரக்காரர்கள் பாராகுவாட் 24 சதவீதம் என்ற வேறொரு களைக்கொல்லிக்குப் போகிறார்கள். நல்ல வெயில் இருந்தால் ஒரே நாளில் இலை கருகிவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. வேருக்கு இறங்காது என்பதால் கோரையும் அருகும் மறுபடி தளிர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரலைச் சிதைக்கும், அதற்கு மாற்று மருந்து இல்லை. கேரளம் 2011-லேயே இதற்குத் தடை போட்டது. மைதானத்தில் அடித்ததைவிட, மிஞ்சிய அரை பாட்டில் எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. சமையல் நடக்கிற வளாகத்துக்குள் மருந்துக் கேன் நுழையவே கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிளைபோசேட் இந்தியாவில் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான் பதிவு பெற்றிருக்கிறது. பள்ளி மைதானமும் பயிரில்லா நிலம்தானே என்று விற்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் தவிர வேறு யாரும் இதைத் தெளிக்கக் கூடாது என்றது. பள்ளிக்கு வந்து அடிப்பவரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லும் நிர்வாகம் அபூர்வம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. அந்த வாதம் தீரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வயலில் அடிக்கிற விவசாயிக்கு விளைச்சல் என்று ஒரு ஆதாயம் உண்டு. மைதானத்தில் கிடைப்பது பார்வைக்குச் சுத்தம், அதுவும் ஒரு மாதத்துக்கு.

உடம்பில் ஒரே அளவு மருந்து பட்டாலும், 15 கிலோ எடையுள்ள அங்கன்வாடிக் குழந்தைக்கு அது 60 கிலோ பெரியவருக்குப் படுவதைப் போல நாலு மடங்கு. பெரியவர் செருப்புப் போட்டுக் கடந்து போகிற மண்ணில் குழந்தை உட்காருகிறது, புரளுகிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது. கபடியிலும் கோகோவிலும் சிராய்த்த முழங்காலின் தோல் மருந்தை எளிதில் உள்ளே விடும். இதோடு பருவத்தையும் பாருங்கள். ஜூன், ஜூலை நாவல் பழம் உதிரும் காலம். மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கி, ஊதி, வாயில் போடாத பள்ளிப் பிள்ளை உண்டா? அதே மரத்தடியில்தான் களை அடர்த்தி என்று கூடுதலாக ஒரு டேங்க் அடித்திருப்பார்கள்.

ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், செலவே வீண். கிளைபோசேட் பச்சை இலை உள்ளதை மட்டும்தான் கொல்லும். மண்ணுக்குள் காத்திருக்கும் விதையை ஒன்றும் செய்யாது. ஒரு பார்த்தீனியச் செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும். மைதானத்தில் அருகம்புல்லையும் சேர்த்துக் கொன்று மண்ணை வெறுமையாக்கி வைத்தால், அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது பார்த்தீனியமும் நெருஞ்சியும்தான். வெறும் மண்ணும் வெயிலும்தான் அவற்றுக்கு வேண்டியவை. மருந்தடித்த மைதானங்களில் ஆண்டுக்கு ஆண்டு பார்த்தீனியம் கூடுவதற்கு இதுவே காரணம். அருகை அழிப்பவர்கள் தாங்களே காசு கொடுத்துக் காவலாளியை அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே வேலை அருகம்புல்லிலிருந்து தொடங்க வேண்டும். மைதானத்தில் அருகம்புல் இருந்தால் அது களை அல்ல. மிதிபடும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான புல் நமக்கு இல்லை. தரையோடு ஒட்டச் சிரைக்காமல் 5 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் தளர்ந்து, இடையில் மண் தெரியும், அந்த இடைவெளியில் பார்த்தீனியம் ஏறும். விடுமுறையில் வளர்ந்துவிட்டதென்றால் ஒரே நாளில் முடிக்காமல் ஒரு வாரம் விட்டு இரண்டு வெட்டாக எடுக்கலாம். புல் அற்றுப் போன இடத்தில் தண்டுத் துண்டுகளை 15 சென்டிமீட்டர் இடைவெளியில், ஆடி மழைக்கோ புரட்டாசி மழைக்கோ ஊன்றினால் ஒரு பருவத்தில் மூடிவிடும். கோல் கம்பத்தடியிலும் கோகோ கம்பத்தைச் சுற்றியும் புல் நிற்காது. காலடி ஓயாத இடத்தில் களையும் வராது, அதை அப்படியே விட்டுவிடலாம்.

வெட்டுவதற்கு பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் எந்திரம்) போதும். ஒரு ஏக்கரை ஒருவர் ஒரு நாளில், அடர்ந்திருந்தால் ஒன்றரை நாளில் முடிப்பார். நான்கைந்து லிட்டர் பெட்ரோல் ஆகும். டூ ஸ்ட்ரோக் எந்திரமென்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 40 மில்லி வரை ஆயில், அந்தந்த எந்திரத்தின் கையேட்டில் உள்ளபடி. குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூட்டினால் பிளக் கரியேறும். பள்ளி மைதானத்தில் முக்கியமானது கல். பிளேடில் பட்ட கல் தோட்டா வேகத்தில் பறக்கும் என்பதால் சுற்றிலும் 15 மீட்டர் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நாளில் எந்திரத்தை எடுக்கவே வேண்டாம். இயக்குபவருக்குக் கண்ணாடியும் மூடிய ஷூவும் கட்டாயம். சுவரோரத்திலும் படிக்கட்டு ஓரத்திலும் பிளேடைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு போட வேண்டும். அதே நைலான் கயிறு மரக்கன்றின் பட்டையைச் சுற்றி உரித்துவிடும். நட்ட கன்றுகள் இரண்டாம் வருடம் காரணம் தெரியாமல் காய்கிற பள்ளிகளில், அடித்தண்டைக் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த வளையக் காயம் தெரியும். கன்றைச் சுற்றி முக்கால் அடிக்குக் கையால் களையெடுத்து, சருகோ தென்னை நார்க் கழிவோ போட்டுவிட்டால் கயிறு அங்கே போக வேண்டிய தேவையே இருக்காது.

பார்த்தீனியத்தை மட்டும் பிரஷ் கட்டரால் வெட்டாதீர்கள். தரைக்கு மேலே வெட்டினால் அடியிலிருந்து நாலைந்து கிளை வெடித்து முன்னைவிட அடர்ந்து வரும்; பூத்த பிறகு வெட்டினால் மகரந்தமும் விதையும் மைதானம் முழுக்கப் பரவும். முளைத்து நாலைந்து வாரத்தில் பூ வந்துவிடும். அதற்கு முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் அறுந்து, வேர் தங்கிவிடும். பிடுங்குபவருக்கு ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூட ஒரு துணி வேண்டும். தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும் என்பதால் மாணவர்களை இந்த வேலையில் இறக்கவே கூடாது. பூக்காத செடியை மட்கு குழியில் போடலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் சோப்பு எண்ணெயும் கலந்து அடிக்கிற முறை ஒன்று உண்டு. சாலையோரத்துக்கு அது சரி, மரங்கள் நிற்கும் வளாகத்துக்கு வேண்டாம்; உப்பு மண்ணில் தங்கி மர வேரைக் கெடுக்கும்.

நெருஞ்சி தரையோடு படர்வதால் கட்டருக்கு அகப்படாது. நடுவேரைக் களைக்கொட்டால் கழுத்துக்குக் கீழே வெட்டினால் முழுப் படர்வும் ஒரே பாயாக எழுந்து வரும், மறுபடி தளிர்க்காது. காய் பச்சையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஏற்கெனவே முள் கொட்டிய இடத்தில் நனைந்த கோணிச் சாக்கை விரித்து, மேலே ஒரு பலகையும் கல்லும் வைத்து இழுத்தால் முள் சாக்கில் குத்திக்கொண்டு வரும். கோரைக்கு எங்களிடம் மாயம் எதுவும் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் வரை முளைத்துக்கொண்டே இருக்கும். விளையாட்டு மைதானத்தில் அருகோடு சேர்த்து வெட்டிவிட்டால் அதனால் யாருக்கும் கெடுதலில்லை.

விடுமுறைக்கென்றே அமைந்த முறை ஒன்று உண்டு: வெயிலால் மண்ணைச் சூடேற்றுவது. அங்கன்வாடி முற்றம், ஊஞ்சல் சறுக்குமரப் பகுதி, காய்கறிப் பாத்தி போன்ற சிறிய இடங்களுக்கு அது ஏற்றது. ஏப்ரல் நடுவில் தரையைச் சமப்படுத்தி, அரையடி ஆழம் நனையும்படி நீர் விட்டு, 25 முதல் 50 மைக்ரான் பாலித்தீன் விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்து, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். மேலாக உள்ள களை விதைகளில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் செத்துவிடும். கறுப்புப் பாலித்தீன் விரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெயில் உள்ளே போக ஒளி ஊடுருவும் வெள்ளைத் தாள்தான் வேண்டும். காய்ந்த மண்ணில் விரித்தாலும், ஓரத்தில் காற்றுப் புகுந்தாலும் சூடு ஏறாது. எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தினால் கீழே பிழைத்திருக்கும் விதை மேலே வந்துவிடும். கொத்தாமல் அப்படியே புல் ஊன்ற வேண்டும்.

பேவர் பிளாக் இடுக்குகளில் முளைப்பதற்கும் மருந்தடிக்கிறார்கள். கத்தி முனையால் சுரண்டி, இடுக்கை மணலால் நிரப்பிவிட்டால் அங்கே மண் சேராது, மண் இல்லாவிட்டால் முளைப்பதும் குறையும்.

தனியார் பள்ளிகளில் கொரியன் புல் விரித்த லான் வேறு கதை. பழுப்புத் திட்டு வந்தவுடன் தோட்டக்காரர் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்தை ஊற்றுகிறார். பழைய சரக்கு இருந்தால் போரேட் குருணையைத் தூவுகிறார். போரேட் 2020 கடைசியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. குளோர்பைரிபாஸை அமெரிக்கா வீடுகளில் பயன்படுத்துவதை 2000-ல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியது. 2025-ல் அது, எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலும், சில விலக்குகளோடு, சேர்ந்தது. திட்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பூச்சியே அல்ல. தினம் இரண்டு வேளை மேலாகத் தண்ணீர் தெளிப்பது, மர நிழல், மழுங்கிய பிளேடு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். திட்டின் ஓரத்தில் ஓரடிச் சதுரத்துக்குப் புல்லைப் பாய் போலத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை வேர்ப்புழு ஒன்றிரண்டுதான் இருந்தால் கையால் பொறுக்கினால் தீர்ந்தது. புல் தூக்க வராமல் வேர் பிடித்திருந்தால் அங்கே புழுவே இல்லை. நிழலில் லான் எக்காலத்திலும் நிற்காது. அங்கே மணலோ செம்மண்ணோ போட்டுவிடுவது நல்லது.

பாம்பு வரும், டெங்கு வரும் என்பதுதான் மருந்தடிக்கச் சொல்லப்படும் காரணங்கள். பாம்புக்குப் புல்லை வெட்டினால் போதும், விஷம் வைக்க வேண்டாம். செங்கல் குவியலையும் உடைந்த பெஞ்சுகளையும் அகற்றுவது அதைவிட முக்கியம். டெங்கு கொசு புல்லில் பெருகுவதில்லை. மூடாத தொட்டி, டயர், கழிப்பறை வாளி என்று தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காய வைத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

விலக்கு வேண்டிய இடங்களும் உண்டு. கதண்டுக் கூடு, கட்டடத்தைத் தின்னும் கரையான், சுகாதாரத் துறையின் கொசு ஒழிப்பு ஆகியவற்றை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலம் 2010-ல் பள்ளி, குழந்தைகள் காப்பக மைதானங்களில் மருந்தைத் தடுத்தபோதும், கனடாவின் ஒன்டாரியோ 2009 ஏப்ரலில் அழகுக்காக அடிக்கும் மருந்துகளை நிறுத்தியபோதும் இப்படி விலக்குகளை வைத்துத்தான் செய்தன. பிரான்ஸ் 2017 முதல் பொதுப் பூங்காக்களில் நிறுத்தியது.

அங்கெல்லாம் சட்டம் போட்டார்கள். இங்கே அதற்குக் காத்திருந்தால் நடக்காது. 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 27-ம் பிரிவின்படி மாநில அரசு ஒரு மருந்தை 60 நாளுக்கும், நீட்டித்தால் மேலும் 30 நாளுக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும். தற்கொலைகளைத் தடுக்க 2023 தொடக்கத்தில் தமிழக அரசு ஆறு மருந்துகளை 60 நாள் மட்டும் நிறுத்தியது இதனால்தான். ஆனால் நாங்கள் விற்பனைத் தடை கேட்கவில்லை. அரசுப் பள்ளியும் அங்கன்வாடியும் பூங்காவும் அரசின், உள்ளாட்சியின் சொந்த இடங்கள். தன் இடத்தில் எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்று சொல்ல எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். துறைச் செயலரின் சுற்றறிக்கை போதும். தனியார் பள்ளிகளுக்கு அங்கீகாரப் புதுப்பிப்பின்போது இதே நிபந்தனையைச் சேர்க்கலாம்.

அந்தச் சுற்றறிக்கையில் களைக்கொல்லி எதுவும் வளாகத்தில் அடிக்கவோ வைக்கவோ கூடாது என்று ஒரே வரியில் இருக்கட்டும். விலக்குப் பெற்ற பூச்சி மருந்தென்றால் உரிமம் உள்ளவர் மட்டும், விடுமுறை நாளில் மட்டும், பள்ளி மேலாண்மைக் குழுவின் எழுத்து ஒப்புதலோடு அடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் உள்ளதைப் போல 24 மணி நேரத்துக்கு முன்பே பலகை வைத்து, அடித்த பின் 72 மணி நேரம் எடுக்காமல் விட வேண்டும். மருந்தின் பெயர், அளவு, இடம், தேதி, அடித்தவரின் உரிம எண் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். காலிக் கேனை மூன்று முறை அலசி, துளையிட்டு, அடித்தவரே எடுத்துப் போக வேண்டும். குழந்தை மேல் மருந்து பட்டுவிட்டால் உடையைக் கழற்றி 15 நிமிடம் சோப்பும் தண்ணீருமாகக் கழுவ வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்தின் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். இவ்வளவையும் சமையற்கூடச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

சுற்றறிக்கை மே கடைசியில் வந்தால் பயனில்லை, அதற்குள் எல்லா இடத்திலும் டேங்க் காலியாகியிருக்கும். மார்ச்சுக்குள் வந்தால்தான் ஏப்ரலில் பாலித்தீன் விரிக்கவும், கோடை மழை ஈரத்தில் பார்த்தீனியம் பிடுங்கவும், பள்ளி திறப்பதற்கு முன் இரண்டு வெட்டு முடிக்கவும் நாள் இருக்கும். அதோடு ஸ்டோர் ரூம்களில் இப்போது மிச்சம் இருக்கும் பாட்டில்களை வட்டார வேளாண் அலுவலர் மூலம் பட்டியல் எடுத்து அகற்றும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்பு, வளாகப் பராமரிப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
திருச்சி.